சான்றுக்கும் மதிப்பெண் உண்டு!

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசி. இரவு பதினொன்றரை மணிக்கு என் கைப்பேசி ஒலித்தது. பேசியவர் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இயற்பியல் படித்த மாணவர்.

“சார், பி பாசிட்டிவ் ரத்தம் உள்ளவங்க யாராவது தெரியுமா சார்? கொரோனா வந்து குணமானவங்களா இருக்கணும். அப்பாவுக்கு உடனே பிளாஸ்மா ஏத்தணுமாம்.”

குரலில் நடுக்கம். நான் வேறெதுவும் கேட்கவில்லை. தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி செய்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு ஒருவர் கிடைத்தார். பிளாஸ்மா ஏற்றினார்கள். பதினேழு நாள் கழித்து அந்தத் தந்தை நலமாக வீடு திரும்பினார். “பிளாஸ்மாதான் சார் அப்பாவைக் காப்பாத்துச்சு” என்றார் மாணவர்.

அதே வாரத்தில் எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அதே நோயுடன் மருத்துவமனையில் இருந்தார். எவ்வளவு அலைந்தும் அவருக்குப் பிளாஸ்மா கிடைக்கவில்லை. அவரும் பிழைத்தார். என் சக ஆசிரியரின் அண்ணனுக்குப் பிளாஸ்மா கிடைத்தது. அவர் பிழைக்கவில்லை.

மாணவ நண்பர்களே, இந்த மூன்று வீடுகளையும் வைத்துக்கொண்டு பிளாஸ்மா பலித்தது என்பீர்களா, பலிக்கவில்லை என்பீர்களா? ஒரு சிகிச்சை பயன் தருகிறது என்பதற்குச் சான்று என்பது எது? எல்லாச் சான்றும் ஒரே எடைதானா? இக்கேள்விகளுக்கு மருத்துவ அறிவியல் கண்டுள்ள விடையை இக்கட்டுரையில் காண்போம்.

காக்கையும் பனம்பழமும்

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை உங்களுக்குத் தெரியும். காக்கை உட்கார்ந்ததும் உண்மை. பழம் விழுந்ததும் உண்மை. ஆனால் காக்கை உட்கார்ந்ததால்தான் பழம் விழுந்ததா? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், காக்கை உட்காராத மரங்களிலும் பழம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மருந்தும் அப்படித்தான். பெரும்பாலான நோய்களில் ஒரு பகுதியினர் மருந்தே இல்லாமலும் குணமாகிறார்கள். ஒரு பகுதியினர் எந்த மருந்து கொடுத்தாலும் இறந்து போகிறார்கள். ஆகவே “மருந்து கொடுத்தோம், குணமாயிற்று” என்பது பாதிச் செய்திதான். “கொடுக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?” என்பது மறுபாதி. ஒரே மனிதரிடம் இரண்டையும் செய்து பார்க்க இயலாது. எனவே, அவரைப் போன்ற வேறு சிலரை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த ஒப்பீட்டை மிக எளிமையாகச் செய்து காட்டியவர் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர். 1747-ஆம் ஆண்டு மே மாதம் ‘சாலிஸ்பரி’ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலில் மாலுமிகளை ஸ்கர்வி நோய் வாட்டியது. ஈறுகள் வீங்கிக் குருதி கசியும்; உடல் தளர்ந்து போகும். லிண்ட் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்த 12 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து இருவர் இருவராகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே உணவு. சிகிச்சை மட்டும் வேறு வேறு. ஓர் இணைக்கு ஆப்பிள் மது, ஓர் இணைக்கு வினிகர், ஓர் இணைக்குக் கடல்நீர்; இப்படி ஆறு வகை. ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரில் ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் திரும்பினார்! மற்றவரும் தேறி, ஏனையோரைக் கவனித்துக்கொள்ள நியமிக்கப்பட்டார். ஆனால் ஆங்கிலேயக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது 1795-இல்தான். சான்று கிடைப்பது ஒன்று. அது ஏற்கப்படுவது மற்றொன்று!

திருகு அளவியின் சுழிப் பிழை

இனி, எனக்குப் பழக்கமான ஆய்வுக்கூடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். ஒரு கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளக்கிறீர்கள். அளவியில் சுழிப் பிழை இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. பத்து முறை அளந்தாலும், நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் விடை தவறாகவே வரும். அளவீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் சுழிப் பிழை நீங்காது. இது முறையான பிழை.

மருத்துவ ஒப்பீட்டிலும் இத்தகைய சுழிப் பிழை உண்டு. பிளாஸ்மா பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்மா யாருக்குக் கிடைத்தது? ஓடியாட ஆள் உள்ளவர்களுக்கு, பெரிய மருத்துவமனையில் இடம் கிடைத்தவர்களுக்கு, கொடையாளி வந்து சேரும் வரை உயிரோடு இருந்தவர்களுக்கு! இவர்கள் பிளாஸ்மா இல்லாவிட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்களாக இருக்கலாம். அமெரிக்காவில் 2020 ஆகஸ்டு மாதத்துக்குள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பிளாஸ்மா ஏற்றினார்கள். எண்ணிக்கை பெரியதுதான். ஆனால் அத்திட்டத்தில் பிளாஸ்மா பெறாத ஒப்பீட்டுக் குழு ஒன்று அமைக்கப்படவில்லை. சுழி எங்கே இருக்கிறது என்று தெரியாத அளவியால் எழுபதாயிரம் முறை அளந்த கதை அது.

இதற்கு மாற்று என்ன? குலுக்கல்! யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பதை மருத்துவரோ நோயாளியோ முடிவு செய்யக்கூடாது. சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் முதியவர், இளைஞர், ஏழை, செல்வர், நோய் முற்றியவர், முற்றாதவர் எல்லோரும் இரு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரவி விடுவார்கள். நமக்குத் தெரியாத வேறுபாடுகள்கூடப் பரவி விடும். அதுதான் குலுக்கலின் சிறப்பு.

1948-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இதற்குப் புகழ்பெற்ற முன்மாதிரி. போருக்குப் பின் பிரிட்டனில் அம்மருந்து மிகக் கொஞ்சமே இருந்தது. எல்லோருக்கும் கொடுக்க இயலாது. எனவே ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியல் அறிஞர், குலுக்கல் எண்களை ஒட்டிய உறைகளில் வைத்து நோயாளிகளைப் பிரிக்கும் முறையை வகுத்தார். காசநோயாளிகள் 107 பேர். 55 பேருக்குப் படுக்கை ஓய்வுடன் மருந்து. 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். எக்ஸ்-கதிர்ப் படங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்ன நிபுணர்களுக்கு எந்தப் படம் எந்தக் குழுவினருடையது என்பது தெரியாது. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்தனர். வேறுபாடு மருந்தினால் வந்தது என்று இப்போது துணிந்து சொல்லலாம் அல்லவா?

நான்கு படிகள்

குலுக்கல் ஆய்வு மேலானது, கண்டதைக் குறித்து வைத்த ஆய்வு அதற்குக் கீழானது என்று சான்றுகளை வரிசைப்படுத்தும் வழக்கம் 1979-இல் கனடா நாட்டு மருத்துவக் குழு ஒன்றின் அறிக்கையில் இடம்பெற்றது. பின்னர் ஆளுக்கொரு அமைப்பு ஆளுக்கொரு வரிசையை வகுத்துக்கொண்டது. ஒரே சான்றுக்கு ஓர் அமைப்பு ‘அ’ என்றும், மற்றொன்று ‘இரண்டு’ என்றும் பெயரிட்டால் மருத்துவர் என்ன செய்வார்? இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 2000-ஆம் ஆண்டில் பல நாட்டு அறிஞர்கள் கூடி ஒரு பணிக்குழுவை அமைத்தனர். அவர்கள் உருவாக்கிய முறைக்குக் ‘கிரேடு’ என்று பெயர். இன்று உலக சுகாதார நிறுவனம் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் இதைக் கையாள்கின்றன.

கிரேடு முறையில் சான்றின் உறுதிக்கு நான்கு படிகள்: உயர்ந்தது, நடுத்தரமானது, குறைவானது, மிகக் குறைவானது. ‘உயர்ந்தது’ என்றால், ஆய்வில் கண்ட பலன் உண்மையான பலனுக்கு மிக அருகில் இருக்கிறது என்று நம்பலாம். ‘மிகக் குறைவு’ என்றால், உண்மை வேறு எங்கோ இருக்கக்கூடும்.

குலுக்கல் ஆய்வுகளிலிருந்து வரும் சான்று முதலில் ‘உயர்ந்தது’ என்ற படியில் நிற்கும். குலுக்கல் இல்லாத ஆய்வுகளின் சான்று ‘குறைவு’ என்ற படியில் நிற்கும். ஆனால் நின்ற இடத்திலேயே நிலைத்திருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் விடைத்தாளைப் போல இதையும் வரி வரியாகத் திருத்துகிறார்கள். மதிப்பெண் குறைவதற்கு ஐந்து காரணங்கள் உண்டு.

மதிப்பெண் குறையும் ஐந்து இடங்கள்

முதலாவது, ஆய்வு நடத்தியதில் கோளாறு. குலுக்கல் என்று சொல்லிவிட்டு, அடுத்த சீட்டு எது என்று மருத்துவர் முன்கூட்டியே பார்த்துவிட்டால்? மருந்து பெற்றவர் யார் என்று தெரிந்தவரே வலி குறைந்ததா என்று தீர்ப்புச் சொன்னால்? பாதி நோயாளிகள் இடையில் காணாமல் போனால்? சுழிப் பிழை பின்வாசல் வழியாக நுழைந்துவிடும். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் போலி மாத்திரையை ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுப்பது இதைத் தடுக்கத்தான்.

இரண்டாவது, ஆய்வுகள் ஒன்றோடொன்று முரண்படுதல். இதற்கு நம் மண்ணிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியைப் பிரிட்டனில் 1950-களில் பள்ளி முடிக்கும் வயதினர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஆராய்ந்தபோது, நோயில் முக்கால் பங்குக்கு மேல் தடுத்தது. 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏறத்தாழ 2,60,000 மக்களிடம் மாபெரும் ஆய்வு தொடங்கியது. ஏழரை ஆண்டுக் காலம் கண்காணித்த பின் வந்த முடிவு உலகையே திகைக்க வைத்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவே இல்லை! மண்ணிலும் நீரிலும் வாழும் காசநோய்க் கிருமியின் உறவினக் கிருமிகள் இங்குள்ள மக்களின் உடலில் முன்பே ஓரளவு எதிர்ப்பை உண்டாக்கியிருக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. இதனால் பி.சி.ஜி. வீண் என்று கருதிவிடக் கூடாது. குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் கொடிய காசநோயை அது தடுக்கிறது. அதற்காகவே இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறோம். ஒரே ஊசியின் ஒரு பயனுக்குச் சான்று வலுவாகவும், மற்றொரு பயனுக்கு வலுவற்றதாகவும் இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, கேட்ட கேள்வி ஒன்று, அளந்தது வேறொன்று. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்குச் சில வேளைகளில் இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை தோன்றும். அத்தகையவர்கள் திடீரென்று இறப்பதும் அதிகம். எனவே துடிப்பை ஒழுங்குபடுத்தினால் இறப்பு குறையும் என்று எண்ணி, என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு என்ற மருந்துகளைக் கொடுத்து வந்தார்கள். இதய மின்வரைபடத்தில் துடிப்பு அழகாகச் சீரானது! பிறகுதான் குலுக்கல் ஆய்வு நடந்தது. 1991-இல் வெளியான அதன் அறிக்கையைப் பாருங்கள். மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தனர். போலி மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர் மட்டுமே இறந்தனர். வரைபடம் தேறியது, நோயாளி இறந்தார். நமக்கு வேண்டியது உயிர், அளந்ததோ கோடு. இவ்வாறு சுற்றுவழியில் வரும் சான்றுக்கு மதிப்பெண் குறையும்.

நான்காவது, எண்ணிக்கை போதாமை. இங்கே ஒரு சிறு சோதனை செய்யுங்கள். வகுப்பிலுள்ள நாற்பது பேரும் ஆளுக்குப் பத்து முறை நாணயத்தைச் சுண்டிப் பூ எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஆறு பேரில் ஒருவருக்கு ஏழோ அதற்கு மேலோ பூ விழும். அந்த ஆறு ஏழு மாணவர்கள், “என் நாணயம் பூவின் பக்கம் சாய்கிறது” என்று சொன்னால் நம்புவீர்களா? ஆனால் நூறு முறை சுண்டி எழுபது பூ விழுவது இருபத்தைந்தாயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே நேரும். இதுவே தற்செயல் பிழை. சுழிப் பிழையைப் போலன்றி, இது எண்ணிக்கை கூடக் கூடச் சுருங்கும். ஊசலின் அலைவு நேரத்தை ஒரே அலைவில் அளக்காமல் இருபது அலைவுகளுக்கு அளக்கச் சொல்கிறோமே, அதன் நோக்கத்தோடு ஒத்தது இது.

ஐந்தாவது, வெளிவராத ஆய்வுகள். ஆய்வுக்கூடத்தில் ஒவ்வாத அளவீடுகளை அழிப்பானால் அழித்துவிட்டு, ஒத்து வருவதை மட்டும் பதிவேட்டில் எழுதும் மாணவரை நான் அறிவேன். (அவர் பெயரைச் சொல்ல மாட்டேன்!) மருத்துவத்திலும் இது நடந்திருக்கிறது. மனச்சோர்வுக்கான மருந்துகளைப் பற்றி அமெரிக்க அரசின் மருந்து அமைப்பிடம் பதிவான 74 ஆய்வுகளைச் சிலர் தேடிப் பிடித்து 2008-இல் கணக்கெடுத்தார்கள். நல்ல முடிவு தந்தவை 38. அவற்றில் 37 இதழ்களில் அச்சேறின. மீதி 36 ஆய்வுகளின் முடிவு சாதகமாக இல்லை. அவற்றில் 22 அச்சேறவே இல்லை. 11 ஆய்வுகள் நல்ல முடிவு போன்ற தோற்றத்தில் எழுதப்பட்டு வெளிவந்தன. உள்ளதை உள்ளபடி சொன்னவை மூன்றே மூன்று! இதழ்களை மட்டும் படிக்கும் மருத்துவருக்கு அம்மருந்துகள் உண்மையைவிட வலியவையாகத் தோன்றியிருக்கும். எந்த ஆய்வையும் தொடங்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்ற விதி இதற்காகவே வந்தது. இந்தியாவில் இதற்கான பதிவேடு 2007-இல் தொடங்கி, 2009-இல் கட்டாயமாக்கப்பட்டது.

மதிப்பெண் கூடுவதும் உண்டு

குலுக்கல் இல்லாத ஆய்வு என்றால் ஒதுக்கித் தள்ளிவிட வேண்டுமா? இல்லை. 1971-ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது எல்லையை ஒட்டிய பன்காவ் என்னும் ஊரில் அகதிகள் குவிந்தனர். காலரா பரவியது. சிரை வழியாக ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர், உப்பும் சமையல் சோடாவும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுக்கத் துணிந்தார். நூற்றுக்கு இருபது முப்பது என்றிருந்த இறப்பு, நான்குக்கும் கீழே இறங்கியது! அங்கே குலுக்கலுக்கு நேரமில்லை. எனினும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைச் சுழிப் பிழையால் மட்டும் விளக்க முடியாது. பலன் மிகப் பெரியதாக இருந்தால் கிரேடு முறையில் மதிப்பெண் கூடும்.

அளவு கூடக் கூட விளைவும் கூடினால் அதற்கும் மதிப்பெண் உண்டு. புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பதை யாரும் குலுக்கல் போட்டு ஆராயவில்லை, ஆராயவும் கூடாது. ஆனால் நாளொன்றுக்கு எத்தனை சிகரெட் என்பது கூடும்போது நோயும் படிப்படியாகக் கூடுவதை ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவர்களிடையே கண்டு காட்டினார்கள். மூன்றாவதாக, நாம் ஐயுறும் பிழைகள் எல்லாம் பலனைக் குறைத்துக் காட்டும் திசையில் இருந்தும் பலன் தெரிகிறது என்றால், அதற்கும் ஒரு படி உயர்த்தலாம்.

சான்று வேறு, பரிந்துரை வேறு

சான்றின் மதிப்பெண் தெரிந்துவிட்டால் சிகிச்சை முடிவாகிவிடுமா? அதுதான் இல்லை. இதைச் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு அருமையாக விளக்குகிறது.

1950-களில் காசநோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, சானடோரியம் என்ற நலவாழ்வு மனையில் ஓராண்டோ அதற்கு மேலோ வைப்பதே சிறந்த சிகிச்சை என்று கருதினார்கள். நல்ல காற்று, நல்ல உணவு, முழு ஓய்வு. ஆனால் நோயாளிகளோ லட்சக்கணக்கில். படுக்கைகளோ மிகச் சில. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை நிறுவின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவ அறிஞர் தலைமை ஏற்றார். ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மருந்து. மறு பகுதியினருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் அதே மருந்து, அதே ஓராண்டு.

முடிவு 1959-இல் வெளிவந்தது. நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 விழுக்காடு; வீட்டில் 86 விழுக்காடு. நெரிசலான குடிசையில், குறைந்த உணவோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குத் தேறிவிட்டார்கள்! “வீட்டில் வைத்தால் மனைவி மக்களுக்குத் தொற்றுமே” என்ற அச்சத்தையும் ஆராய்ந்தார்கள். வீட்டுச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாக வரவில்லை.

இப்போது சொல்லுங்கள்: 92, 86 என்ற இரண்டு எண்களை மட்டும் பார்த்தால் எது சிறந்தது? சானடோரியம்தான் ஒரு சிறிதளவு மேல் என்பீர்கள். அந்தச் சிறு வேறுபாடுகூடத் தற்செயலாக வந்திருக்கலாம். ஆனால் பரிந்துரை எண்களை மட்டும் பார்ப்பதில்லை. சானடோரியம் என்றால் குடும்பத் தலைவர் ஓராண்டு வீட்டில் இல்லை, வருமானம் இல்லை. அரசுக்குச் செலவு பன்மடங்கு. படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கானவர்களுக்குச் சிகிச்சையே இல்லை. நன்மை, தீமை, செலவு, நோயாளியின் விருப்பம் இவை எல்லாவற்றையும் தராசில் வைத்தபோது வீட்டுச் சிகிச்சையின் தட்டு தாழ்ந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கும், காசநோயாளி வீட்டிலிருந்தே குணமாவதற்கும் சேத்துப்பட்டில் நடந்த அந்த ஆய்வு வழி திறந்தது.

கிரேடு முறையிலும் இதனால்தான் பரிந்துரைக்குத் தனி அடைமொழி உண்டு. நன்மை ஐயமின்றி மிகுந்திருந்தால் ‘வலுவான பரிந்துரை’; ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் முடிவு மாறக்கூடுமானால் ‘நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரை’.

மீண்டும் பிளாஸ்மா

நம் கதைக்குத் திரும்புவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 மருத்துவமனைகளில் 464 கொரோனா நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பிளாஸ்மாவை ஆராய்ந்தது. பிளாஸ்மா பெற்ற 235 பேரில் 34 பேர் இறந்தனர். பெறாத 229 பேரில் 31 பேர் இறந்தனர். அதாவது 15 விழுக்காடு, 14 விழுக்காடு. இந்த முடிவு 2020 அக்டோபரிலேயே அச்சில் வந்துவிட்டது.

மதிப்பெண் போட்டுப் பாருங்கள். குலுக்கல் உண்டு. போலிப் பிளாஸ்மா கொடுக்கவில்லை. ஆனால் இறப்பைக் கணக்கிடுவதில் யாருடைய விருப்பு வெறுப்பும் புக முடியாது. நம் நாட்டு நோயாளிகள், நேரடியான சான்று. குறை ஒன்றுதான். 464 பேர் என்பது சிறிய பலனைக் கண்டுபிடிக்கப் போதாது. அந்தக் குறையைப் பிரிட்டனின் ‘ரிக்கவரி’ ஆய்வு நீக்கியது. 11,558 நோயாளிகள், இரு குழுக்களிலும் இறப்பு 24 விழுக்காடு. முரண்பாடும் இல்லை. 2021 மே 17-இல் இந்தியாவின் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது.

எங்கள் இரவு அலைச்சல் அதற்கு மூன்று வாரம் முந்தையது. அச்சில் வந்து ஆறு மாதமான ஆய்வை நான் தேடிப் படிக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களிடம் “சுழிப் பிழை பார்த்தாயா?” என்று இருபது ஆண்டுகளாகக் கேட்டு வரும் நான், அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்த மாணவர் பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்தபோது இந்த எண்களைக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். “அப்போ அப்பா எதனால சார் பிழைச்சார்?” என்றார்.

“ஒருவரைப் பற்றி மட்டும் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, தம்பி. ஆனால் அப்பாவின் சிகிச்சைச் சீட்டைக் கொண்டுவா, பார்ப்போம்” என்றேன்.

கொண்டுவந்தார். ஆக்சிஜன் கொடுத்திருந்தார்கள். அதன் கீழே ஒரு வரி: டெக்சாமெத்தசோன், நாளொன்றுக்கு 6 மில்லிகிராம். அது பல பத்தாண்டுகளாகப் புழங்கும் மலிவான மருந்து. அதே ரிக்கவரி ஆய்வு 2020-இல் அதையும் சோதித்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில் மருந்து பெறாதோர் 41.4 விழுக்காடு இறக்க, பெற்றோர் 29.3 விழுக்காடே இறந்தனர். கருவியின்றி ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் 26.2 என்பது 23.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பயன் இல்லை; தீங்குக்கான சாயலும் தென்பட்டது. ஆகவே உலக சுகாதார நிறுவனம் 2020 செப்டம்பரில், கடுமையான நோயாளிகளுக்கு அவ்வகை மருந்தைக் கொடுக்க வலுவாகவும், இலேசான நோயாளிகளுக்குக் கொடுக்காதிருக்க நிபந்தனையுடனும் பரிந்துரைத்தது.

அந்த மருந்துக்காக யாரும் இரவில் தொலைபேசி செய்யவில்லை. அது மருத்துவமனை அலமாரியிலேயே இருந்தது.

மாணவ நண்பர்களே, இனி யாராவது “இதைச் சாப்பிட்டு எங்கள் மாமாவுக்குக் குணமாயிற்று” என்று சொன்னால் சண்டைக்குப் போகாதீர்கள். மருத்துவர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். மூன்று கேள்விகளை மட்டும் மனத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். யாரோடு ஒப்பிட்டார்கள்? எத்தனை பேரிடம் பார்த்தார்கள்? எதை அளந்தார்கள்? இவற்றுக்கு விடை தேடத் தொடங்கினால், திருகு அளவியைக் கையில் எடுத்ததும் முதலில் சுழியைப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு வந்துவிட்டது என்று பொருள்.